கல்லறைகள் உள்ள மட்டும்

எஸ்ரா லம்ப்கின் தன் எழுபது வயதுக்குள் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதும் அந்த வேலையில்தான்.

அமெரிக்கத் தெற்கில் ஹார்மன் கவுண்டி என்ற மாவட்டத்தில் உள்ள பழைய வீடுகளையும் ஆலயங்களையும் படம் பிடித்து, அளந்து, ஒரே புத்தகமாகப் போடப் போகிறார்கள் என்ற பேச்சு அந்த வருடம் வசந்த காலத்திலேயே வந்துவிட்டது. இதற்கு முன்பும் அப்படிப் புத்தகங்கள் வந்ததுண்டு. வெள்ளைத் தூண் வைத்த பெரிய வீடுகளும், அந்த வீட்டுக்காரர்கள் போகும் பிரஸ்பிடீரியன் ஆலயமும் அவற்றில் இருக்கும். அந்த வீடுகளுக்குச் செங்கல் சுட்ட கறுப்பர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட ஆலயங்கள் இருக்காது. இந்த முறை அவையும் உண்டு என்றார்கள். நேபோ மலை பாப்டிஸ்ட் சபையின் மூத்த டீக்கனான, அதாவது சபைப் பெரியவரான எஸ்ராவுக்குப் பெருமை பிடிபடவில்லை. கூடவே ஒரு பயமும் இருந்தது.

காரணம் கீழ்நிலம். ஆலயம் மேட்டில் இருக்கிறது. அதை ஒட்டிய மேல்நிலத்தில் பதினொரு கருங்கல் கல்லறைகள், பெயரும் வருடமும் வெட்டியவை. ஆனால் சபையின் பெரும்பாலான சனம் படுத்திருப்பது ஓடையை நோக்கிச் சரியும் கீழ்நிலத்தில், பைன் மரங்களுக்கு அடியில். கல் வாங்க வக்கில்லாத காலத்து மனிதர்கள். செத்தவர் கடைசியாகத் தொட்ட பொருள் எதுவோ அதை உடைத்துத்தான் கல்லறைமேல் வைப்பார்கள். உடைக்காவிட்டால் சாவின் சங்கிலி அறாது, வீட்டில் அடுத்த ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே அங்கே கல்லுக்குப் பதிலாக மூக்குடைந்த ஜாடி, விளக்குச் சிம்னி, மருந்துப் புட்டி, நின்றுபோன கடிகாரம், யாரோ ஒருவர் பல்செட்டைப் போட்டு வைத்த டம்ளர்.

எஸ்ராவுக்கு முப்பது வயதில், பழைய வீடுகளைச் சுற்றிப் பார்க்க வந்த கார் ஒன்று அங்கே நின்றது. உள்ளேயிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி, "செத்தவங்க மேலயே குப்பையக் கொட்டி வெச்சிருக்காங்க பாரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தாள். கார் போய்விட்டது. சிரிப்பு மட்டும் நாற்பது வருடமாக அவர் காதை விட்டுப் போகவில்லை. எதிர்ப்புறம் பிரஸ்பிடீரியன் கல்லறைத் தோட்டம் பச்சைப் பாய் விரித்ததுபோல் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு முகம் சுண்டிப்போகும்.

ஜூலை மாதம் சபை முழுவதும் பஸ் பிடித்து மேக்கன் நகரில் நடந்த மூன்று நாள் மாநாட்டுக்குப் போனது. முதுகுவலி என்று சொல்லி எஸ்ரா தங்கிவிட்டார். பஸ் தலை மறைந்ததும் டிராக்டரைக் கிளப்பினார். முட்புதரை வெட்டினார். ஜாடி, புட்டி, சிம்னி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றித் தன் வீட்டுக் களஞ்சியத்துக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் கொட்டினார். பழைய கல்லறைகள் உள்வாங்கிக் குழிகுழியாய்க் கிடந்த இடங்களில் செம்மண் கொண்டுவந்து நிரப்பி, பலகை கட்டி இழுத்துச் சமன் செய்தார். கல்லறையை மிதிப்பது அந்த ஊரில் பெரிய பாவம். டிராக்டர் சக்கரம் கால் ஆகாது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். கடைசியில் புல்விதையும் தூவினார்.

ஒரே ஒரு பொருளை மட்டும் அவர் பள்ளத்தில் போடவில்லை. அவருடைய அம்மா லூவினியாவின் நீலப்பூ ஜாடி. அவருக்கு ஆறு வயதில் அம்மா போய்விட்டாள். அப்பா அவரைத் தூக்கிக்கொண்டு வடக்கே சின்சினாட்டிக்குப் போனார். முப்பது வயதில் திரும்பி வந்தபோது, இப்போது உயிரோடில்லாத ஒரு அத்தைதான் அந்த ஜாடியைக் காட்டி, "இதான்டா உங்கம்மா" என்றாள். அதைச் செய்தித்தாளில் சுற்றி அடுக்களை அலமாரியில் வைத்துக்கொண்டார். இடம் மறந்துவிடாது என்று நினைத்தார். நின்ற கடிகாரத்துக்கு அந்தப் பக்கம், சிம்னிக்கு இந்தப் பக்கம். அதிலென்ன மறப்பதற்கு இருக்கிறது?

ஆகஸ்டில் புல் முளைத்தது. வருடத்துக்கு ஒரு முறை வரும் வரவேற்பு ஞாயிறுக்கு, வடக்கே பிழைக்கப் போனவர்கள் எல்லாரும் வருவார்கள், அன்றைக்குப் பார்த்து அசந்துபோகட்டும் என்று அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. முட்புதருக்குப் பயந்து அந்த நாளைத் தவிர வேறு நாளில் கீழே யாரும் இறங்குவதுமில்லை.

அதற்கு முன்பே, ஒரு புதன்கிழமை, மாநில அலுவலகத்திலிருந்து கேமில் ரைட் வந்துவிட்டாள். இருபத்தாறு வயது, கறுப்புப் பெண், கழுத்தில் கேமரா, இடுப்பில் அளவு நாடா. ஆலயத்தின் மணிக்கூண்டு, ஜன்னல், பலகைச் சுவர் எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டு, எஸ்ராவையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். அந்த இரண்டு பேரில் ஒருவர் இன்னொரு டீக்கன் பர்விஸ் ஓடம். மற்றவள் வெர்டா மே ஹெர்ட். வரவேற்பாளர் குழுவின் தலைவி, அறுபத்தாறு வயது, வாய் மட்டும் பதினாறு.

சரிவில் இறங்கியதும் வெர்டா மே நின்றுவிட்டாள்.

"ஏசுவே" என்றாள். "எங்க எல்லாம்?"

"என்ன எங்க, சிஸ்டர்?" என்று கேட்டாள் கேமில்.

"எங்க சனம்மா! என் தம்பி ஜூனியஸ் எங்க? லாரியில செத்தான், அந்த லாரி ஹெட்லைட்டத்தான் அவன் தலைமாட்டுல வெச்சிருந்தோம். இங்கதான் எங்கயோ இருந்துச்சு. ஒண்ணையுங் காணலயே!"

எஸ்ரா வாயைத் திறந்தார். 'எவ்வளவு அழகா இருக்கு பாருங்க' என்று சொல்வதற்காக நாலு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த வாய் அது.

அதற்குள் கேமில் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துவிட்டாள்.  "ஐயா, நான் இப்பதான் அந்தத் தூண் வெச்ச பெரிய வீட்டுல, மிஸ்டர் ஆல்ஸ்டன்கிட்ட இருந்து வர்றேன். அவங்க தாத்தாவோட அப்பா உங்க சபைக்கு இந்த நெலத்த எழுதிக் குடுத்த பத்திரத்தோட நகல் இது. 1871." அவள் வாசித்தாள். "'ஆராதனை வீடு நிற்கும் இடமும், அதைச் சேர்ந்த புதைநிலமும், கல்லறைகள் உள்ள மட்டும்.' அதாவது கல்லறை எது வரைக்கும் இருக்கோ அது வரைக்கும். இவ்வளவுதான் எழுதியிருக்கு. அடிக் கணக்கு இல்ல, எல்லைக் கல் இல்ல. சுத்தியிருக்கிற பைன் காட்ட அவர் மரக் கம்பெனிக்கு விக்கிறார். 'நீ கல்லறை முடியிற எடத்துல கோடு போடும்மா, அதுக்குக் கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுறேன்'னு சொன்னார். நியாயமாத்தான் பேசினார். பத்து நாள்ல மரம் வெட்டுற மெஷின் வருது."

"அப்ப கோடு எங்க விழும்?" என்றார் பர்விஸ்.

"கண்ணால பாக்கறதத்தான் நான் எழுத முடியும். குழிகூட இல்லையே, மண்ண ரொப்பியிருக்கு." அவள் திரும்பி மேட்டைப் பார்த்தாள். "அந்தப் பதினொண்ணு கல்லோட கோடு நின்னுடும்."

வெர்டா மேயின் குரல் காட்டைக் கிழித்தது. "ஆல்ஸ்டன்தான்! வேற யாரு? போன மாசம் பூரா அவன் ஆளுங்க இங்க மெஷின உருட்டிக்கிட்டுக் கெடந்தானுங்க. நம்ம சனத்த வழிச்சுப் போட்டுட்டு, 'கோடு போடும்மா, கையெழுத்துப் போடுறேன்'னு இளிக்கிறான் பாரு!"

எஸ்ரா வாயை மூடிக்கொண்டார். அந்த நொடியில் அவர் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பேசுவது இன்னும் கடினமாகிக்கொண்டே போயிற்று.

வெர்டா மே அன்றைக்கே பெரிய வீட்டுக்குப் போய், தூண்களுக்கு நடுவே நின்று, ஆல்ஸ்டன் பரம்பரையையே உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டு வந்தாள். கடையில் ஆல்ஸ்டனைப் பார்த்தால் கறுப்பர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஷெரிஃபிடம் புகார் கொடுப்பதா என்று பேச்சு நடந்தது. கல்லறையை அழித்தால் சிறை, தெரியுமா என்றார் பர்விஸ். எஸ்ரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார்.

வியாழக்கிழமை யாரும் இல்லாத நேரத்தில் அம்மாவின் இடத்தையாவது பார்த்து வைத்துக்கொள்வோம் என்று மேல்நிலத்து வேலிவரை போனார். போய்த்தான் தெரிந்தது. கடிகாரம் இல்லாமல் அந்தப் பக்கம் எது, சிம்னி இல்லாமல் இந்தப் பக்கம் எது? பச்சைப் பசேலென்று ஒரே புல். அவர் ஆசைப்பட்ட மாதிரியே, எதிர்ப்புறத்துத் தோட்டம்போலவே இருந்தது. கைகளை வேலியில் ஊன்றிக்கொண்டு நின்றார். அடிவயிற்றிலிருந்து ஒரு அழுகை வந்தது, ஆறு வயதில் அழாமல் விட்டது.

சனிக்கிழமை காலை ஆல்ஸ்டனே அவர் வீட்டுக்கு வந்தார். வாசல்படிக்குக் கீழேயே நின்றார். பெயிண்ட் உரிந்த அந்தப் பெரிய வீட்டில் தனிக்கட்டையாக வாழ்கிற மனிதர். எஸ்ராவைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் அவர் எஸ்ராவை நீ என்பார், எஸ்ரா அவரை மிஸ்டர் என்பார். அந்த ஊர் வழக்கம் அது, சட்டம் மாறியும் நாக்கு மாறவில்லை.

"எஸ்ரா, நான் அதச் செய்யல" என்றார்.

எஸ்ரா மேலே கிடந்த நாற்காலியைக் கைகாட்டினார். ஆல்ஸ்டன் ஏறவில்லை.

"எங்க வீட்டு ஆளுங்க உங்க ஆளுங்களுக்குச் செஞ்சதுல பாதிய நான் வாயால சொல்ல முடியாது. எனக்குத் தெரியாம இல்ல. ஆனா இது நான் இல்ல. நீ ஒருத்தன் நம்பினாப் போதும். உன் பேச்ச அவங்க கேப்பாங்க."

எஸ்ரா அவருடைய சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணைப் பார்க்கத் தெம்பில்லை. செய்யாத தப்புக்கு ஊர் ஏசுவதை வாங்கிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கும் அவர் அப்பனுக்கும் தெரிந்தது போல் வேறு யாருக்குத் தெரியும்? அதை இப்போது இன்னொருவன் தலையில் தானே ஏற்றிவிட்டிருக்கிறார்.

"நீங்க இல்லன்னு எனக்குத் தெரியும், மிஸ்டர் ஆல்ஸ்டன்" என்றார். "நாளைக்கு எல்லாருக்கும் தெரியும். போங்க."

மறுநாள் போதகர் கெய்ன்ஸ் வருகிற ஞாயிறு. பிரசங்கம் முடிந்து, சபையில் சேர விரும்புகிறவர்கள் முன்னே வரலாம் என்று பாட்டு எழுந்தபோது, எஸ்ரா டீக்கன்களின் பெஞ்சிலிருந்து எழுந்து முதல் வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் உட்காருகிறவர்கள் இரண்டே வகை. புதிதாகச் சேருகிறவர்கள், அல்லது சபையிடம் மன்னிப்புக் கேட்கிறவர்கள். முப்பது வருடமாக மற்றவர்களை அங்கே உட்கார வைத்துக் கேள்வி கேட்டவர் அவர். பாட்டு பாதியில் தேய்ந்து நின்றது.

"கீழ்நெலத்த வழிச்சவன் ஆல்ஸ்டன் இல்ல" என்றார். "நாந்தான். நீங்க எல்லாரும் மாநாட்டுக்குப் போனப்ப. நம்ம ஆலயம் புஸ்தகத்துல வரும்போது யாரும் பாத்துச் சிரிக்கக் கூடாதுன்னு நெனச்சேன். குப்பைன்னு சொல்லிருவாங்களோன்னு... அவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே குப்பைன்னு நெனச்சிட்டேன். அதான் என் பாவம். புதன்கெழமையே சொல்லியிருக்கணும், வாய் வரல. பத்திரம் இப்படின்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் செஞ்சது செஞ்சதுதான்."

 போதகர் தொண்டையைச் செருமினார். "வழக்கப்படி... பிரதர் லம்ப்கினை மன்னிக்கிறவங்க வலது கையத் தூக்குங்க."

சில கைகள் எழுந்தன. பிறகு இன்னும் சில. வெர்டா மேயின் கை மடியைவிட்டு அசையவில்லை.

"சிஸ்டர் ஹெர்ட்?"

"மன்னிக்கிறதப் பத்தி அப்புறம் பாப்போம், போதகரே" என்றாள் அவள். எழுந்து எஸ்ராவின் முன்னால் வந்து நின்றாள். "என் தம்பி ஹெட்லைட்டு எங்கவே கெடக்கு? அதச் சொல்லும் மொதல்ல."

"எங்க களஞ்சியத்துக்குப் பின்னாடி. பள்ளத்துல."

"ஒடச்சிட்டீரா?"

"வண்டியோட கவுத்தேன். தெரியல."

"ஏற்கெனவே ஒடஞ்சதத்தான ஒடச்சிருக்கீரு" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. யாரும் சிரிக்கவில்லை, ஆனாலும் சபை கொஞ்சம் இளகியது.

திங்கட்கிழமை விடிந்ததும் கூடையும் வாளியுமாக எழுபது பேர் அந்தப் பள்ளத்தில் இறங்கினார்கள். எடுத்ததையெல்லாம் ஆலய முற்றத்தில், விருந்து மேசைகளின் மேல் பரப்பினார்கள். வரவேற்பு ஞாயிறுக்குப் பொரித்த கோழியும் சோள ரொட்டியும் வைக்கிற அதே மேசைகள். பெண்கள் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். அரைத்துண்டு பீங்கானைத் தடவிப் பார்த்தே, "இது எங்க பெரியம்மா லெத்தா. காப்பி குடிக்கும்போதே சாஞ்சிட்டா" என்றாள் ஒருத்தி. ஒரே மாதிரி இரண்டு மருந்துப் புட்டிகளுக்காக இரண்டு குடும்பங்கள் கைகலக்கிற அளவுக்குப் போய், கடைசியில் இரண்டு கிழவர்களும் ஒரே வைத்தியரிடம் ஒரே வருடம் செத்தவர்கள் என்று தெரிந்து சமாதானமானார்கள்.

கல்லறைப் பொருளோடு வந்து சத்தியம் செய்தால் அதை எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, கேமில் கீழே கொடிக் கம்பிகளோடு காத்திருந்தாள். பொருளை ஏந்திக்கொண்டு ஒவ்வொரு குடும்பமாக இறங்கியது. கண்ணை மூடி நின்று, ஆலயத்தின் மணிக்கூண்டைத் திரும்பிப் பார்த்து, ஓடைச் சத்தத்தைக் கேட்டு, இங்கே என்றார்கள். "சத்தியமா?" என்று அவள் கேட்பாள். பைபிளின் மேல் கை வைப்பார்கள். ஒரு கொடி நடுவாள். ஏற்கெனவே உடைந்த ஹெட்லைட்டில் புதிதாக ஒரு சில்லுகூடப் பெயர்ந்திருக்கவில்லை. ஓடைக்கு முப்பது அடி இருக்கும்போது வெர்டா மே நின்றாள். "அவனப் பொதைக்கும்போது என் செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு. இதான் எடம்." அதுதான் ஓடைப் பக்கத்துக் கடைசிக் கொடி. சாயங்காலத்துக்குள் நாற்பத்து மூன்று கொடிகள். கோடு எங்கே விழும் என்று இப்போது குருடனுக்கும் தெரியும்.

மேசையில் ஒன்பது பொருள்கள் மிஞ்சின. அவற்றில் நின்ற கடிகாரமும் சிம்னியும் இருந்தன. அந்தக் குடும்பங்கள் டெட்ராய்ட் போய் முப்பது வருடமாகிறது. அந்தப் பொருள்கள் இருந்த இடம் எதுவென்று யாருக்கும் தெரியாது. கடிகாரத்தையும் சிம்னியையும் அங்கே பார்த்ததும் எஸ்ராவுக்கு இருந்த கடைசி நம்பிக்கையும் போயிற்று.

"ஐயா, உங்க அம்மா?" என்றாள் கேமில். அவர் கையில் நீலப்பூ ஜாடி இருந்தது.

பர்விஸ் அவர் காதருகே குனிந்தார். "ஓடைக் கரையில காட்டும்வே. யாருக்குத் தெரியப் போவுது? இன்னும் முப்பதடி நமக்குச் சேரும். ஆல்ஸ்டன் குடும்பத்துக்கு முப்பதடி ஒரு பொருட்டா?"

எஸ்ரா பைபிளைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். "தெரியாதுன்னு எழுதிக்கம்மா" என்றார். "லூவினியா லம்ப்கின். எடம் தெரியாது. அவ மகன் அழிச்சிட்டான்."

"அத நான் எழுத மாட்டேன், ஐயா."

"அப்ப எடம் தெரியாதுன்னு மட்டும் எழுது."

அவள் எழுதினாள்.

வெயில் தாழ்ந்ததும், பிரிவதற்கு முன் ஒரு பாட்டுப் பாடி ஜெபம் செய்யலாம் என்றார் போதகர். எல்லாரும் கீழ்நிலத்துக்குள் போய், அவரவர் கொடியின் பக்கத்தில் நின்றார்கள். பாட்டு தொடங்கவில்லை. பாட்டை எப்போதும் எடுத்துக் கொடுப்பவர் எஸ்ரா. அவர் மேல்நிலத்து வேலி ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

வெர்டா மேதான் திரும்பி வந்தாள். "என்னவே, கூப்புட வெத்தல பாக்கு வெக்கணுமா?"

"நீங்க பாடுங்க, சிஸ்டர். நான் இங்கயே நிக்கேன்."

"ஏன்?"

அவர் புல்லைக் காட்டினார். "நீங்க எல்லாம் எங்க மிதிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சு நடக்கீங்க. எனக்குத் தெரியல. எங்க கால வெச்சாலும் அது அவளா இருக்கலாம்." அவர் ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டார். "டிராக்டர ஓட்டும்போது தெரியல, வெர்டா. இப்ப கால் வர மாட்டேங்குது."

 அவள் நேற்று தூக்காத கையை நீட்டி அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதும்பாங்க" என்றாள். "குஞ்சு மிதிச்சு மட்டும் கோழி செத்துருமா? அறுபத்து நாலு வருசமா பிள்ள கால் மேல படலியேன்னு கெடக்கிறவ அவ. உள்ள வாரும்."

எஸ்ரா குனிந்து பூட்ஸைக் கழற்றினார். ஒரு கையில் ஜாடி, இன்னொரு கை வெர்டா மேயின் பிடியில். வெறுங்காலைப் புல்லின்மேல் வைத்தார், பிறகு மற்றக் காலை. மண் இன்னும் சூடாக இருந்தது. நடுநிலம்வரை நடந்தார். அங்கே நின்று பாட்டை எடுத்தார்.